பவள விழாவும் ஒரு கிளை நூலகமும்: வடசென்னையில் நடந்த ஒரு முயற்சி குறித்த நிகழ்வு ஆய்வு

இந்திய விடுதலையின் 75 ஆண்டுகள் நிறைவுற்ற 2022 ஆகஸ்டு 15, திங்கட்கிழமையில் வந்தது. அரசு விடுமுறையாதலால் அன்று எங்கள் கிளை நூலகம் திறந்திருக்காது. அதற்கு முந்தைய ஆகஸ்டு 12, நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்த நாளாகவும் தேசிய நூலகர் நாளாகவும் கொண்டாடப்படுவது. ஆனால் அது வெள்ளிக்கிழமை, எங்கள் நூலகத்துக்கு வார விடுமுறை. மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, அதுவும் விடுமுறை. ஆக, நாடே விழா எடுத்த அந்த நான்கு நாட்களில் நூலகத்தின் கதவு திறந்திருந்தது ஆகஸ்டு 14, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டுமே. அந்த ஒரு நாளை என்ன செய்தோம், அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் என்னென்ன தேடினோம், எங்கே தவறினோம் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

பெரம்பூர், ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்புப் பகுதி வாசகர்கள் வந்துபோகும் நூலகம் அது. நான் அதன் வாசகர் வட்டத்தைச் சேர்ந்தவன். முயற்சியில் தொடக்கம் முதல் பங்கெடுத்தவன் என்பதால் வெளியிலிருந்து பார்ப்பவரின் விலகல் எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரு கேள்வியிலிருந்து

ஜூன் மாதம் நடந்த முதல் கூட்டத்தில் வழக்கமான பட்டியல்தான் எழுந்தது. தலைவர்கள் படங்களுக்கு மாலை, மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி, இனிப்பு, விடுதலை வரலாறு பற்றிய சில நூல்களை மேசை மீது அடுக்கி வைத்தல். இவற்றில் எதையும் குறையாகச் சொல்ல மாட்டேன். பல ஆண்டுகளாக அப்படித்தான் நடந்துவருகிறது, பிள்ளைகளும் விரும்பித்தான் வருகிறார்கள். ஆனால் தினமும் காலையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர் ஒருவர், பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலையில், அதாவது இந்தப் பக்கத்து மக்கள் இன்றும் பின்னி மில் என்றே சொல்லும் ஆலையில், அது 1996-இல் மூடப்படும் வரை வேலை பார்த்தவர், பட்டியலைக் கேட்டு முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: “எல்லாம் சரிதான் சார். நாங்க சங்கத்துக்குச் சந்தா கட்டினோமே, அந்தக் கதையெல்லாம் இதுல வராதா?”

எங்களில் பாதிப் பேருக்கு அந்தச் சங்கத்தின் பெயர் தெரியும். 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது என்பது ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அது நாம் நாள்தோறும் நடக்கும் தெருக்களில் பிறந்தது என்பதை எந்தப் பேச்சுப் போட்டியிலும் எந்தப் பிள்ளையும் சொல்லிக் கேட்டதில்லை. அன்றே இரண்டு விதிகளை வகுத்துக்கொண்டோம். முதலாவது, கண்காட்சியில் வைக்கும் ஒவ்வொரு பலகையும் சென்னைக்குள் நம் கால்களோ பேருந்தோ கொண்டுசேர்க்கக்கூடிய ஓர் இடத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். இரண்டாவது, அதில் உள்ள செய்தி எந்த நூலில், எந்த நூலகத்தில் உள்ளது என்பதைப் பலகையின் அடியிலேயே எழுத வேண்டும். பார்த்தவர் விரும்பினால் போய் எடுத்துப் படிக்க அது வழிகாட்ட வேண்டும். முதல் விதியை இரண்டு இடங்களில் தளர்த்தினோம். இரண்டாவதை எங்கும் தளர்த்தவில்லை. நூலகம் எடுக்கும் விழாவுக்கும் மற்றவர்கள் எடுக்கும் விழாவுக்கும் இடையே வேறுபாடு ஏதேனும் உண்டென்றால் அது இந்த இரண்டாம் விதியில்தான் இருக்கிறது என்று இன்றும் நம்புகிறேன்.

அலமாரியில் இருந்தது

முதல் வேலை எங்கள் அலமாரிகளையே பார்ப்பது. மூன்று மாலைகள் உட்கார்ந்து, விடுதலை இயக்கம், சென்னை வரலாறு, தன்வரலாறு ஆகிய வரிசைகளில் உள்ள நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கடைசிப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும் தேதிச் சீட்டைப் பார்த்தோம். நூலை இரவல் கொடுக்கும்போது நூலகர் முத்திரையிடும் அந்தச் சிறு தாள், ஒரு நூல் எத்தனை கைகளுக்குப் போயிருக்கிறது என்பதை எந்தக் கணக்கேட்டையும் விடத் தெளிவாகக் காட்டிவிடும். போட்டித் தேர்வு நூல்களின் சீட்டுகள் நிறைந்து, மேலே மற்றொரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. நாங்கள் தேடிய நூல்களில் பலவற்றின் சீட்டில் கடைசி முத்திரை பத்தாண்டுகளுக்கும் முந்தையது. சிலவற்றில் முத்திரையே இல்லை. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளுள் மூன்றாவது. அந்தச் சீட்டுகளைப் பார்த்தபோது அவ்விதி எங்களை நோக்கியே எழுதப்பட்டதுபோல் இருந்தது.

திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகள் அந்த வரிசையில்தான் கிடைத்தது, அதிலும் ஒரு பகுதி மட்டும். 1944-இல் வெளிவந்த அந்தத் தன்வரலாற்றில், பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சங்கம் உருவானதும், செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகியோரின் உழைப்பும், 1921-ஆம் ஆண்டின் நீண்ட வேலைநிறுத்தத்தின்போது திரு.வி.க.வை நாடு கடத்திவிடுவதாக ஆளுநர் வெலிங்டன் எச்சரித்ததும் பேசப்படுகின்றன. ஆலைப் பெரியவரிடம் அந்த நூலைக் கொடுத்தோம். மூன்று நாளில் படித்து முடித்துவிட்டு, மீதிப் பகுதி எங்கே என்று கேட்டார்.

வெளியே போனது

மீதிப் பகுதி அண்ணா சாலையிலுள்ள தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகத்தில் கிடைத்தது. அங்கிருந்தே எங்கள் தேடல் விரிந்தது. யார் எங்கே போவது என்பதை வசிப்பிடத்தை வைத்துப் பிரித்துக்கொண்டோம். வேலைக்குப் போகும் உறுப்பினர்களுக்கு ஞாயிறு தவிர வேறு நாள் இல்லை என்பதால் பெரும்பாலான பயணங்களை ஓய்வுபெற்றவர்களும் கல்லூரி மாணவர்கள் இருவரும் மேற்கொண்டார்கள்.

எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896 டிசம்பர் 5-ஆம் நாள் திறக்கப்பட்டது. நாட்டில் வெளியாகும் நூல்களைப் பதிப்பாளர்கள் சட்டப்படி அனுப்பிவைக்க வேண்டிய நான்கு நூலகங்களுள் அது ஒன்று. 1954-இல் வந்த அந்தச் சட்டத்தில் பின்னர் செய்தித்தாள்களும் சேர்க்கப்பட்டன. 1947 ஆகஸ்டு மாதத்துச் செய்தித்தாள்களைத் தேடிப் போனவர்களுக்கு முதலில் தெரியவந்தது, பழைய தாள் எவ்வளவு எளிதில் நொறுங்கும் என்பதுதான். அத்தகைய தாளை நகலெடுக்கும் இயந்திரத்தில் அழுத்திவைக்க முடியாது. உட்கார்ந்து கையால் எழுதி வந்தார்கள். கையால் எழுதியதில் ஒரு நன்மை விளைந்தது. நகலெடுத்திருந்தால் தலைப்புச் செய்தியோடு திரும்பியிருப்போம். எழுத உட்கார்ந்ததால் உள்பக்கங்களையும் படிக்க நேர்ந்தது. 1947 ஆகஸ்டு 15 வெள்ளிக்கிழமை என்பது எல்லோருக்கும் தெரியும்; அது ஆடி மாதத்தின் கடைசி வெள்ளி என்பதை, அம்மன் கோயில்கள் நிறைந்த இந்தப் பகுதியில் வாழும் நாங்கள் அப்போதுதான் எண்ணிப் பார்த்தோம். அரிசிக்குப் பங்கீடு நடைமுறையில் இருந்த காலம் அது. எங்கள் கண்காட்சியின் முதல் பலகை இந்த இரண்டு செய்திகளோடுதான் தொடங்கியது.

தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போன மாணவர்கள், சிறு பாட்டுப் புத்தகங்களைப் பற்றிய செய்திகளோடு வந்தார்கள். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை அடிப்படையாகக் கொண்டு 1994-இல் தொடங்கப்பட்ட நூலகம் அது. பெரிய நூலகங்கள் பொருட்படுத்தாத துண்டு வெளியீடுகளும் மெலிந்த பாட்டுப் புத்தகங்களும் அங்கே காக்கப்படுகின்றன. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்று, ரயிலிலும் சந்தையிலும் பாடிப் பரப்பிய அத்தகைய புத்தகங்களில் காந்தியும் பகத்சிங்கும் இடம்பெற்றார்கள். செய்தித்தாள் வாங்க இயலாத, படிக்கவும் தெரியாத ஆலைத் தொழிலாளியின் காதுக்குத் தேசியம் சென்ற வழிகளில் இதுவும் ஒன்று. இந்தப் பலகைக்கு நாங்கள் ஒதுக்கிய இடம் போதவில்லை என்பது என் கருத்து. தனிக் கண்காட்சியாகவே வைத்திருக்கலாம்.

வெளியே போக முடியாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உதவியது. இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசியில் பழைய நூல்களைத் தேடிய ஒரு வாசகி, குறிப்புகளில் இருந்த பக்க எண் பிழைகளில் பெரும்பாலானவற்றைத் திருத்திக்கொடுத்தார்.

பலகைகள்

சார்ட் தாளில் கையால் எழுதி, பழைய நாளிதழ்த் தாங்கிகளில் கட்டித் தொங்கவிட்டோம். அச்சிடவில்லை, செலவு ஒரு காரணம், எழுதும் கைகள் நிறைய இருந்தது மற்றொன்று. எல்லாவற்றையும் இங்கே விவரிக்க வேண்டியதில்லை. மக்கள் நின்று படித்த சிலவற்றைச் சொல்கிறேன்.

1887-இல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரசு மாநாட்டில், ஆங்கிலம் மட்டுமே ஒலித்த அவையில், தஞ்சாவூர் மூக்கண ஆசாரி தமிழில் பேசியது ஒரு பலகை. சிறையிலிருந்து 1912 இறுதியில் வெளிவந்த வ.உ.சி., கப்பல் கம்பெனியும் வழக்கறிஞர் தொழிலும் போன நிலையில் சென்னைக்கு வந்து, பெரம்பூரிலும் சில காலம் குடியிருந்தது மற்றொன்று. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் காந்தி வழியாக அனுப்பிய 347 ரூபாய் 12 அணா, நெடுநாள் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகே அவர் கைக்கு வந்துசேர்ந்தது. அந்தத் தொகையைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தோம். அதன் முன் நின்ற பலர் பேசாமல் நின்றார்கள்.

புனித ஜார்ஜ் கோட்டையில் 1947 ஆகஸ்டு 15 அன்று ஏற்றிய கொடி, 2013 ஜனவரி 26 முதல் கோட்டை அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருப்பதைச் சொன்ன பலகையில், அங்கே போகும் பேருந்து எண்களையும் எழுதினோம். பிள்ளைகள் அதைத்தான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அந்த நாளைப் பெரியார் துக்க நாள் என்று அறிவித்ததையும், அண்ணா அதற்கு மாறாக அதை மகிழ்ச்சிக்குரிய நாளாக ஏற்று ‘திராவிட நாடு’ இதழில் எழுதியதையும் ஒரே பலகையில் வைக்கலாமா என்று எங்களுக்குள் வாதம் எழுந்தது. கொண்டாட்ட நாளில் துக்கம் என்ற சொல் எதற்கு என்றார் ஒருவர். நூலகத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில்தானே இருக்கின்றன என்றார் நூலகர். வைத்தோம். எந்தப் பூசலும் எழவில்லை. ஒரே இயக்கத்துக்குள் ஆசானும் மாணவரும் இவ்வளவு பெரிய செய்தியில் மாறுபட்டு நின்றதைப் பற்றித்தான் இளைஞர்கள் கேட்டார்கள்.

புளியந்தோப்பிலிருந்து வந்த எதிர்ப்பு

ஆகஸ்டு முதல் வாரத்தில் வரைவுகளைச் சுவரில் ஒட்டி, வாசகர்கள் கருத்தெழுத ஒரு குறிப்பேடும் வைத்தோம். தொழிற்சங்கம் பற்றிய பலகையில் 1921 வேலைநிறுத்தத்தை ஆலைத் தொழிலாளர் எல்லோரும் ஒன்றுபட்டு நடத்திய போராட்டமாக எழுதியிருந்தோம். புளியந்தோப்பைச் சேர்ந்த ஓர் இளைஞர் குறிப்பேட்டில் எழுதாமல் நேரே வந்து பேசினார். அவருடைய பாட்டனார் தலைமுறை அந்த ஆண்டை நினைவு வைத்திருந்தது வேலைநிறுத்தத்துக்காக இல்லை, குடிசைகள் எரிந்ததற்காக. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அந்த வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. அதையொட்டி மூண்ட மோதலில் புளியந்தோப்பு பற்றியெரிந்தது. சட்டமன்றத்தில் அம்மக்களுக்காகப் பேசிய எம்.சி. ராஜா, இந்த நிகழ்வில் நீதிக்கட்சி நடந்துகொண்ட முறையைக் கண்டித்து 1923-இல் அக்கட்சியிலிருந்தே விலகினார்.

இவை நூல்களில் இல்லாத செய்திகள் அல்ல. எங்கள் கண்ணில் படாததற்குக் காரணம், நாங்கள் ஒரே அலமாரியிலிருந்து, ஒரே தரப்பின் நூல்களை எடுத்திருந்தோம் என்பதே. பலகையைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுத ஐந்து நாட்கள்தான் இருந்தன. ஆலைப் பெரியவரும் அந்த இளைஞரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் பேசி எழுதினார்கள். ‘கலவரம்’ என்ற சொல்லை இளைஞர் ஏற்கவில்லை, ‘தாக்குதல்’ என்றார். ‘கருங்காலி’ என்ற சொல்லைப் பெரியவர் தம் வாழ்நாளெல்லாம் இயல்பாகப் பயன்படுத்தி வந்தவர். வேறு வழியின்றி வேலைக்குப் போனவர்களை அப்படிச் சொன்னதன் வலியை அன்றுதான் கேட்டார். இறுதியில் அது ஒரு பலகையாக அமையவில்லை, பக்கத்தில் பக்கம் வைத்த இரண்டு பலகைகளாக அமைந்தது. இணைக்கும் வாசகம் எதையும் நடுவில் எழுதவில்லை. இந்த முழு முயற்சியிலும் நான் மிகுதியாக மதிப்பது அந்த ஐந்து நாட்களைத்தான்.

தவறியவை

பெண்கள் இல்லை. இதை ஆகஸ்டு 10-ஆம் தேதி வரை எவரும் கவனிக்கவில்லை. கன்னிமாராவுக்குப் போய்வந்த நாட்களில் ருக்மணி லட்சுமிபதி சாலையின் பெயர்ப்பலகையைப் பலமுறை கடந்திருக்கிறோம். 1930 வேதாரண்ய உப்புப் போராட்டத்தில் சிறை சென்று, 1946-இல் சென்னை மாகாண அமைச்சராகவும் ஆன அவரைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. கடைசி நேரத்தில் ஒரு பலகை எழுதினோம். அவசரத்தில் எழுதியது என்பது பார்த்தாலே தெரிந்தது.

படங்களில் இன்னொரு தவறு. இணையத்தில் கிடைத்த பழைய புகைப்படங்களை அச்செடுத்து ஒட்டியபோது, அவற்றின் உரிமை யாருடையது என்று கேட்டவர் நூலகர் மட்டுமே. எழுத்துகளில் அந்தச் சிக்கல் குறைவு: பாரதியின் படைப்புரிமையை 1949-இலேயே அரசு பெற்றுப் பின்னர் பொதுவாக்கிவிட்டது; ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தால் உரிமைக்காலம் முடியும் என்பதால் 1953-இல் மறைந்த திரு.வி.க.வின் வரிகளையும் தயக்கமின்றி எடுத்தாளலாம். ஊர்பேர் தெரியாத படங்களுக்கு அத்தகைய தெளிவு இல்லை. பாதிப் படங்களை எடுத்துவிட்டோம்.

மூன்று நாள் தொடர் விடுமுறை என்பதால் பல குடும்பங்கள் ஊருக்குப் போயிருந்தன. பள்ளி மாணவர்கள் நாங்கள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. ஜூலையிலேயே பள்ளிகளோடு பேசி, ஒரு வாரம் முன்னதாக வகுப்பு வகுப்பாக அழைத்து வந்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிறும் பின்னரும்

காலை எட்டு மணிக்கே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நுழைவாயிலில் ஒரு பலகைமட்டும் விடுதலைப் போராட்டத்தோடு நேரடித் தொடர்பு இல்லாதது: 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்கிறது என்பதைக் காட்ட, உறுப்பினர் ஒருவர் தம் வீட்டு வரி ரசீதைப் பெயரை மறைத்து ஒட்டியிருந்தார். வாடகை வீட்டில் இருப்பவர்கள்கூட வாடகையின் வழியே இதைச் செலுத்துகிறார்கள் என்று விளக்கியபோது, அதுவரை நூலகத்துக்குள் காலெடுத்து வைக்காத பூக்கடைப் பெண் ஒருவர், “அப்போ இது எங்க காசுலயும் ஓடுதாம்மா?” என்று பக்கத்தில் நின்ற மாணவியிடம் கேட்டுவிட்டு உள்ளே வந்தார். அன்றே உறுப்பினர் படிவம் வாங்கிப்போனவர்களில் அவரும் ஒருவர்.

நடு மேசையில், 1947-ஐ நேரில் கண்ட முதியவர்கள் சொல்ல, மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். எண்பதைக் கடந்தவர்களின் நினைவு முன்பின்னாகத்தான் வந்தது. அவசரப்படுத்த வேண்டாம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தோம். அன்று மாலை நூல்களை இரவல் எடுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். பலகைகளின் அடியில் குறிப்பிட்ட நூல்களில் எங்கள் நூலகத்திலேயே இருந்தவை அனைத்தும் அலமாரியை விட்டுப் போயின. ஆறு மாதம் கழித்து மீண்டும் தேதிச் சீட்டுகளைப் பார்த்தோம். எல்லா நூல்களும் தொடர்ந்து வாசிக்கப்படவில்லை. பாதிக்கு மேல் பழைய அமைதிக்கே திரும்பியிருந்தன. ஆனால் திரு.வி.க.வின் தன்வரலாற்றிலும் எம்.சி. ராஜா பற்றிய சிறு நூலிலும் முத்திரைகள் அடுத்தடுத்து விழுந்திருந்தன.

முதியவர்களின் நினைவுகளை நூலாகத் தைத்து நூலகத்துக்குக் கொடுத்தோம். நன்கொடை நூலாகப் பதிவேட்டில் ஏற்றும்போது ஆசிரியர் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று நூலகர் சிறிது நேரம் யோசித்து, சொன்னவர்கள் பெயரையெல்லாம் நெருக்கி எழுதினார். மூலம் அலமாரியில் பூட்டப்பட்டுள்ளது. ஒளிநகல் இரவலுக்குக் கிடைக்கும். அதன் முடிவில், படிப்பவர்கள் திருத்தம் எழுத வெற்றுத் தாள்கள் சிலவும் சேர்த்துத் தைக்கப்பட்டுள்ளன. முதல் திருத்தம் வந்துவிட்டது. நினைவு சொன்ன மூதாட்டி ஒருவரின் தங்கை எழுதியிருக்கிறார்: பள்ளியில் அன்று கொடுத்தது அக்காள் சொன்னதுபோல் ஆரஞ்சு மிட்டாய் இல்லை, கற்கண்டு.